"ஐ5 கேட்டீங்க, ஐ5 குடுத்தோம்": சேலத்தில் பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

சேலத்தில் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கலாம் என்று நினைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். போன மாதம் 21,500 ரூபாய் கொடுத்து ஏமாந்து நிற்கிறேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. பெயரைவிட அவர்கள் செய்த வேலை தெரிவதுதான் முக்கியம்; அது தெரிந்தால் எந்தக் கடையிலும் பிடித்துவிடலாம்.

எங்கள் வீடு ஏற்காட்டில். இரண்டு காபித் தோட்டங்களுக்குக் கூலிக் கணக்கை வீட்டிலிருந்தே போட்டுக் கொடுக்கிறேன். கூடவே தமிழ் டைப்பிங் வேலையும் வரும். பழைய டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 10 இருந்தது. அதற்கான மைக்ரோசாப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. மாற்றித்தான் ஆக வேண்டும். மலையில் மழை பிடித்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, அதனால் இந்த முறை லேப்டாப்பே வாங்கலாம் என்று முடிவு செய்தேன். புதிது வாங்கக் கையில் பணம் இல்லை.

புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடிக் கடை. கடைப் பையன் மரியாதையாகத்தான் பேசினான். "ஐ5-ங்க்கா, எட்டு ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி. விண்டோஸ் 11, ஆபீஸ் எல்லாம் போட்டே தர்றோம், அதுக்குக் காசு வேண்டாங்க." ஐ5 என்பது கணினியின் மூளையான பிராசஸரில் ஒரு வகை; எஸ்எஸ்டி என்பது சுற்றும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க். கீபோர்டுக்குக் கீழே இன்டெல் ஐ5 ஸ்டிக்கர் பளபளவென்று ஒட்டியிருந்தது. உடம்பெல்லாம் கீறல் விழுந்த லேப்டாப்பில் அந்த ஸ்டிக்கர் மட்டும் ஏன் புதிதாக இருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஜிபேயில் பணம் அனுப்பினேன். பில் கேட்டதற்கு 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச் சீட்டில் "லேப்டாப் 1" என்று எழுதி, ஒரு மாதம் டெஸ்டிங் வாரண்டி என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் திரை வர நாலு நிமிடம். கூலிக் கணக்கு ஷீட்டைத் திறந்தால் அப்படியே நின்றுவிடும். சார்ஜரைப் பிடுங்கினால் நாற்பது நிமிடத்தில் அணைந்துவிடும். போன் செய்தால், "புதுசா போட்ட விண்டோஸ்ங்க்கா, ரெண்டு வாரத்துல செட் ஆயிடும்" என்றார்கள். மூன்று வாரம் பொறுத்தேன்.

அப்புறம் அஸ்தம்பட்டியில் இருக்கும் என் சித்தி மகனிடம் கொண்டு போனேன். அவன் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலை பார்க்கிறவன். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தான். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் எல்லாமே எழுதியிருந்தது. பிராசஸர் ஐ5-4300யூ. ஐ5-க்குப் பின்னால் வரும் எண்ணின் முதல் இலக்கம் 4, அப்படியென்றால் நாலாம் தலைமுறை, 2013-இல் வெளிவந்தது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாப்ட் கேட்பது, இன்டெல் என்றால், எட்டாம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 11 ஏற்றும்போது அந்தத் தகுதி இருக்கிறதா என்று ஒரு சோதனை நடக்கும்; கடைக்காரர்கள் அதைத் தாண்டும்படி செய்து ஏற்றியிருக்கிறார்கள். இப்படி ஏற்றிய கணினிக்குத் தொடர்ந்து அப்டேட் வரும் என்று மைக்ரோசாப்ட் உத்தரவாதம் கொடுப்பதில்லை.

டிஸ்க்கைப் பார்த்தான். அளவு 465 ஜிபி. 512 என்று வாங்கினால் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும் என்று நானும் கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் 512 ஜிபி எஸ்எஸ்டி என்றால் ஏறக்குறைய 476 காட்டும். 465 காட்டுவது 500 ஜிபி டிஸ்க். பக்கத்திலேயே 'ஹெச்டிடி' என்றும் போட்டிருந்தது. சுற்றுகிற பழைய ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டி என்று சொல்லி விற்றிருக்கிறார்கள்.

இதுவரை நஷ்டம் பணத்தோடு போச்சு. அடுத்துப் பார்த்ததில்தான் எனக்குக் கை நடுங்கியது. விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்புக்குள் போய், 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலைத் திறந்தான். இந்த இடத்தைச் சோதிக்க வேண்டாம் என்று விலக்கி வைக்கும் பட்டியல் அது. அதில் சி டிரைவ் முழுவதும் இருந்தது. ஓசியில் போட்டுக் கொடுத்த ஆபீஸ் திருட்டு ஆபீஸ். அதை ஓட்டுவதற்கான கிராக் புரோகிராமை வைரஸ் தடுப்பு பிடித்துவிடும் என்பதால், காவலையே மொத்தமாக எடுத்துவிட்டிருக்கிறார்கள். அந்தக் கணினியில்தான் மூன்று வாரமாக நெட் பேங்கிங் பார்த்தேன், தோட்டத்து ஆட்களின் ஆதார் நகல்களை ஏற்றி வைத்திருந்தேன். அன்று இரவே போனிலிருந்து எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றினேன். பணம் எதுவும் போகவில்லை. ஆனாலும் என்னை நம்பி ஆதார் கொடுத்தவர்களை நினைத்தால் மனசு ஆறவில்லை.

மறுநாள் கடைக்குப் போனேன். "நீங்க ஐ5 கேட்டீங்க, ஐ5 குடுத்தோம்ங்க. ஜெனரேஷன் கேக்கலையே" என்றார் ஓனர். எஸ்எஸ்டியைப் பற்றிக் கேட்டால், சீட்டில் அப்படி எதுவும் எழுதவில்லையே என்கிறார். இன்னும் 6,000 கொடுத்தால் வேறு லேப்டாப் மாற்றித் தருகிறாராம். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. என் கையில் இருப்பது ஜிபே ரசீதும் அந்தத் துண்டுச் சீட்டும்தான். மாடல், பிராசஸர் எண், டிஸ்க் வகை எல்லாம் எழுதிய ஜிஎஸ்டி பில் இருந்திருந்தால் ஓனர் அப்படிப் பேசியிருக்கவே முடியாது. பில்லோடு வாங்கினால் விலை ஏறும் என்பார்கள். ஏறட்டும், பில்லோடு வாங்குங்கள்.

நான் சொன்ன இடங்களையெல்லாம் பணம் கொடுக்கும் முன்பு கடையிலேயே திறந்து பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை. சார்ஜரைக் கழற்றச் சொல்லி அரை மணி நேரம் ஓட்டியும் பாருங்கள். முகம் சுளித்தால் வெளியே வந்துவிடுங்கள். ஆபீஸ் ஓசி என்றால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். வீட்டுக் கணக்குக்கும் கடிதத்துக்கும் லிப்ரெ ஆபீஸ் போதும், அதைக் காசில்லாமல் முறையாகவே இறக்கிக்கொள்ளலாம்.

லேப்டாப்பைத் தூக்கிப் போட மனமில்லை. தம்பி எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பில்லோடு வாங்கிய 240 ஜிபி எஸ்எஸ்டியில், விண்டோஸுக்குப் பதிலாகக் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தான். தமிழ்99 விசைப்பலகையும் அதில் இருக்கிறது. முதல் இரண்டு நாள் கை தடுமாறியது, இப்போது பழகிவிட்டது. பேட்டரி மட்டும் அதே நாற்பது நிமிடம்தான். கரண்ட் போனால் ஷீட்டைச் சேமித்துவிட்டு நோட்டில் எழுதுகிறேன்.