வளர்ப்பு உயிரணுக்களின் புரதங்களைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் கிட்: ஒரு மதிப்பீடு

வளர்ப்பில் உள்ள பாலூட்டி உயிரணுக்களின் புரதங்களைச் சைட்டோபிளாசம், சவ்வு, உட்கருவின் கரையும் பகுதி, குரோமாட்டின் (டிஎன்ஏவும் அதோடு பிணைந்த புரதங்களும்), சைட்டோஸ்கெலிட்டன் (உயிரணுவின் உள் சட்டகம்) என ஐந்து கூறுகளாகப் பிரித்துத் தருவதற்காக விற்கப்படும் கிட் இது. சிங்கப்பூரின் பயோபொலிஸ் ஆய்வு வளாகத்தில் உள்ள எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஹீலா எனப்படும் மனிதப் புற்றுநோய் உயிரணுக்களுக்கு இதைப் பயன்படுத்தி வருகிறோம். உட்கருவுக்குள் நடப்பதை ஆராய்பவர்களுக்குக் கொடுத்த விலை தகும். சவ்வுப் புரதங்களைத் தேடுபவர்களுக்குத் தகாது என்பதே என் கணிப்பு.

அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் தேவைப்படாமல், மேசைமேல் வைக்கும் சாதாரணச் சென்ட்ரிஃபியூஜிலேயே வேலை முடிகிறது. முதல் கரைசலில் உள்ள மென்மையான டிட்டர்ஜென்ட் வெளிச்சவ்வை மட்டும் துளைப்பதால், புவியீர்ப்பின் 500 மடங்கு விசையில் 5 நிமிடம் சுழற்றியதும் சைட்டோபிளாசப் புரதங்கள் மேல்திரவத்தில் நிற்க, உட்கரு உடையாமல் அடியில் தங்குகிறது. இந்தத் திரவத்தைச் சொட்டு மிச்சமில்லாமல் எடுக்காவிட்டால் அடுத்த கூறுகள் எல்லாவற்றிலும் கலப்படம் தெரியும். உறைய வைத்த உயிரணுக்களில் சவ்வுகள் முன்னரே கிழிந்திருக்கும் என்பதால், புதிதாக அறுவடை செய்தவற்றையே எடுக்க வேண்டும்.

கிட்டின் சிறப்பு குரோமாட்டின் படியில் இருக்கிறது. மைக்ரோகாக்கல் நியூக்ளியேஸ் என்ற என்சைம் நியூக்ளியோசோம்களுக்கு (ஹிஸ்டோன் என்ற புரதங்களைச் சுற்றி டிஎன்ஏ சுருண்ட அலகுகளுக்கு) இடையிலுள்ள டிஎன்ஏவை வெட்டுவதால், ஹிஸ்டோன்களும் டிஎன்ஏவை இறுகப் பற்றியிருந்த பிற புரதங்களும் கரைசலுக்கு வருகின்றன. கால்சியம் இல்லாமல் இந்த என்சைம் இயங்காது. ஆகவே புரதங்கள் சிதையாமல் காக்கும் புரோட்டியேஸ் தடுப்பானை, ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் கலந்ததாகச் சேர்த்தால், அந்த ஈடிடிஏ கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு வெட்டும் வேலையையே முடக்கிவிடும். கையேடு இதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். அறை வெப்பநிலையில் 15 நிமிடம் அல்லது 37 டிகிரியில் 5 நிமிடம் வைக்கச் சொல்கிறார்கள். குளிரூட்டி ஓயாமல் ஓடும் நம் ஊர்க் கூடங்களில் அறை வெப்பநிலை அறைக்கு அறை மாறுவதால், 37 டிகிரி நீர்த்தொட்டியே நம்பகமானது. குறிப்பிட்ட புரதத்தை ஆன்டிபாடி கொண்டு கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் ஹிஸ்டோன் எச்3 குரோமாட்டின் கூறில் மட்டுமே பளிச்சென்று தெரிந்தது.

சவ்வுக் கூறு ஏமாற்றமளிக்கிறது. வெளிச்சவ்வு, எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம், கோல்கி, மைட்டோகாண்ட்ரியா அனைத்தின் புரதங்களும் ஒரே குழாயில் கலந்து வருவதால், மைட்டோகாண்ட்ரியப் புரதம் வேண்டுவோர் சர்க்கரைக் கரைசல் அடுக்குகளில் சுழற்றும் பழைய முறைக்கே திரும்ப வேண்டும்.

வெஸ்டர்ன் பிளாட்டில் ஏற்றிய அளவைச் சரிபார்க்க, ஐந்து கூறுகளுக்கும் பொதுவான ஒப்பீட்டுப் புரதம் ஒன்று கிடையாது. புரத அளவைச் சமப்படுத்துவதைவிட, சம எண்ணிக்கையிலான உயிரணுக்களுக்கு உரிய கன அளவை ஏற்றுவதே முறை. சைட்டோபிளாசத்தின் அடையாளமாகப் பலர் தேர்ந்தெடுக்கும் ஜிஏபிடிஹெச் என்ற என்சைம், நெருக்கடிக்கு (ஸ்ட்ரெஸ்) உள்ளான உயிரணுக்களில் உட்கருவுக்கும் செல்வதால், அதை மட்டும் நம்பக் கூடாது. விமென்டின் என்ற சட்டகப் புரதம் உள்ள கடைசிக் கூறான சைட்டோஸ்கெலிட்டன் வெஸ்டர்ன் பிளாட்டுக்குப் போதுமானது. புரதங்களை நிறையை வைத்து இனங்காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கு அனுப்புவதானால் டிட்டர்ஜென்டை முதலில் நீக்க வேண்டும், அதற்கான பொருளைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்.