மேலிருந்து விழும் நீரா, அடியில் ஓடும் நீரா?

பாழடைந்த நீர்ச்சக்கர மாவு ஆலைக்குப் போனால் முதலில் சக்கரத்தைத் தேடாதீர்கள். மரச்சக்கரம் என்றால் பெரும்பாலும் உளுத்துப் போயிருக்கும். சுவரைப் பாருங்கள். உயரத்தில் வாய்க்கால் வந்து முடிந்த தடம் இருந்தால், தண்ணீர் மேலிருந்து விழுந்திருக்கிறது. அந்தச் சக்கரத்தின் விளிம்பில் வாளி போன்ற அறைகள் இருக்கும். நிரம்பிய நீரின் எடையே அதைச் சுற்றும். ஓட்டம் அடியில் தள்ளும் வகைக்கு வெறும் பலகைகள் போதும். செய்வது எளிது, ஆனால் வெள்ளம் வந்தால் நீரில் மூழ்கித் திணறும். ஆங்கிலப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் 1759இல் வெளியிட்ட மாதிரிச் சோதனைகளில், மேலிருந்து விழும் வகை ஏறக்குறைய இரண்டு மடங்கு திறன் காட்டியது. சரி, எல்லாரும் அதையே கட்டியிருக்கலாமே? அதற்குச் சரிவு வேண்டும். சமவெளியில் அவ்வளவு உயரத்துக்கு எங்கே போவது?

உள்ளே நுழைந்தால் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. குழிக்குள் பெரிய பற்சக்கரம், நிமிர்ந்த தண்டு, மேல்தளத்தில் அரைகற்கள். இரும்புச் சக்கரத்தில் மரப்பற்கள் செருகியிருந்தால் ஒட்டுவேலை என்று நினைத்துவிடாதீர்கள். சத்தம் குறையும், ஏதாவது சிக்கினால் மரப்பல்தான் உடையும், மாற்றுவதும் சுலபம். அப்புறம் கல்லில் கொத்திய பள்ளங்களை விரலால் தடவிப் பாருங்கள், எவ்வளவு மழுங்கியிருக்கிறது என்று தெரியும்.