கல்யாணத்துக்கு முன் எச்.ஐ.வி. பரிசோதனை: எங்கள் பட்டணத்து கிளினிக்குக்கு 5க்கு 3

உள்ளே இருக்கும் மிஸ்ஸிக்கு (நர்ஸுக்கு) 5, வெளியே கவுண்டருக்கு 1. இரண்டையும் கூட்டிக் கழித்து 3 போட்டிருக்கிறேன்.

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் ஒரு தோட்டப் பட்டணம் எங்களுடையது. சுற்றிலும் செம்பனை, நடுவில் இரண்டு வரிசை கடை, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு அரசாங்க கிளினிக். நான் பாலர் பள்ளி ஆசிரியை. எனக்கு நிச்சயம் பண்ணியிருப்பவர் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். "ரெண்டு பேரும் ஒரு தடவ ரத்தம் பார்த்துடலாமா?" என்று நான் கேட்டதும் "சரி, போலாம்" என்றார். முஸ்லிம் ஜோடிகளுக்குக் கல்யாணத்துக்கு முன் இந்தப் பரிசோதனை கட்டாயம். நமக்கு அப்படி இல்லை. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்ப்போம், இதை மட்டும் யாரும் வாயெடுத்துக் கேட்கமாட்டோம்.

கவுண்டரில் உட்கார்ந்திருந்த அக்காவின் பிள்ளை என் வகுப்பில்தான் படிக்கிறான். "என்னா டீச்சர், காய்ச்சலா?" என்றார். குனிந்து மெதுவாகச் சொன்னேன். "எச்.ஐ.வி. தெஸ்ட்டா?" என்று அவர் திருப்பிக் கேட்டது, இனிப்பு நீர் மருந்துக்கு உட்கார்ந்திருந்த பாட்டிமார் வரைக்கும் கேட்டது. சாயங்காலம் நான் வீட்டுக்குப் போவதற்குள் அம்மாவுக்குச் செய்தி போய்விட்டது. "மாப்பிள்ளைக்கு ஏதாவது பிரச்சினையா?" என்று பக்கத்து வீட்டில் விசாரித்தார்களாம். இப்படி இருந்தால் பத்தொன்பது வயதுப் பையன் எவன் அந்த வாசலை மிதிப்பான்?

உள்ளே நடந்தது வேறு கதை. மிஸ்ஸி கதவைச் சாத்திவிட்டு, ஒருவர் பின் ஒருவராகத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். போதை ஊசி போட்டது உண்டா, இதற்கு முன் உறவு உண்டா, ஆணுறை பயன்படுத்தினீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குரலிலும் முகத்திலும் ஒரு மாற்றமும் இல்லை. விரல் நுனியில் ஒரு குத்து, அட்டையில் ஒரு சொட்டு ரத்தம். பேசிக்கொண்டிருக்கும்போதே முடிவு வந்துவிட்டது. இருவருக்கும் இல்லை. பதிவுக்குக் கட்டிய 1 வெள்ளியோடு (ரிங்கிட்) செலவு சரி.

காத்திருந்த நேரத்தில் அவர் சொன்னவை எங்கள் தோட்டத்துப் பழங்கதையோடு அப்படியே ஒத்துப்போயின. மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. நோயாளி கண்டறியப்பட்டது 1986ல். 2002ல் ஒரே ஆண்டில் 6,978 புதிய பேர்; அன்று பெரும்பாலும் ஒரே போதை ஊசியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டவர்கள். அப்பா காலத்தில் தொழிலாளர் லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஊசி பொறுக்கிய கதை எங்கள் வீட்டிலும் உண்டு. 2005ல் போதை ஊசிக்குப் பதிலாக வாயால் குடிக்கும் மெத்தடோன் மருந்து, 2006ல் சுத்தமான ஊசி கொடுக்கும் திட்டம் என்று வந்தபின் அந்த வழி அடங்கியது. இப்போது புதிதாக வருவதில் பெரும்பகுதி உடலுறவு வழி, அதுவும் இருபதிலிருந்து நாற்பதுக்குள் இருக்கும் ஆண்களிடம் அதிகம். நம் பெரியவர்கள் இன்னும் "அது கஞ்சாக்காரன் வியாதி" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கஞ்சாவுக்கும் ஊசிக்கும் சம்பந்தமே இல்லை என்பது வேறு விஷயம்.

மிஸ்ஸி அழுத்திச் சொன்ன இன்னொன்று: போன வாரம் நடந்ததற்கு இந்த வாரம் சோதித்தால் தெரியாது, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். பயப்படும்படி ஏதாவது நடந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் வந்தால் தடுப்பு மருந்து உண்டு. அப்படியே நோய் இருப்பது தெரிந்தாலும், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நின்றால், உடலுறவில் அடுத்தவருக்குப் பரவாது. தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவுவதை மலேசியா ஒழித்துவிட்டதாக 2018ல் உலகச் சுகாதார நிறுவனம் சான்று கொடுத்ததையும் சொன்னார். கல்யாணப் பெண்ணுக்கு அதைவிட நல்ல செய்தி வேண்டுமா!

வீட்டிலேயே பார்க்கும் பெட்டியும் ஒன்று வாங்கிப் பார்த்தோம். மேல் ஈறு, கீழ் ஈறு இரண்டிலும் ஒரு தடவை தேய்த்து, குச்சியைக் குப்பியில் விட்டு 20 நிமிடம் காத்திருக்கவேண்டும். 40 நிமிடத்துக்கு மேல் போனால் பார்க்கக்கூடாது. ஒரு கோடு என்றால் சரி, இரண்டு கோடு என்றால் கிளினிக்கில் ரத்தம் கொடுத்து உறுதி செய்யவேண்டும். ஊர் வாயிலிருந்து தப்பிக்கலாம், அது பெரிய லாபம். ஆனால் விலை 40 வெள்ளிக்கு மேல், நாங்கள் வாங்கியதில் விளக்கத்தாளில் தமிழ் இல்லை, இரண்டு கோடு வந்துவிட்டால் அந்த ராத்திரியில் பேசுவதற்குப் பக்கத்தில் ஒரு மிஸ்ஸியும் இல்லை.

என் தம்பி கேட்டான், எது நல்லது என்று. கிளினிக்தான் என்றேன். சொந்த ஊர் கிளினிக்குக்குத்தான் போகவேண்டும் என்று ஒன்றும் இல்லை; மோட்டாரை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பட்டணத்துக்குப் போ, கவுண்டரில் வாயால் சொல்லாதே, தாளில் எழுதிக் காட்டு என்றும் சொல்லி அனுப்பினேன்.