500 நகம், 180 ரூபாய்

நெயில் பாலிஷ் போட்டுப் பழக, பாரிமுனையில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய பிளாஸ்டிக் நகப் பாக்கெட் இது. 0 முதல் 9 வரை பத்து அளவு, மொத்தம் 500 என்று அட்டையில் போட்டிருக்கிறது, நான் எண்ணவில்லை. இடது கையால் வலது கைக்கு நெயில் பாலிஷ் போட்டு, தோலெல்லாம் சிவப்பாக்கி, அப்புறம் துடைத்துத் துடைத்து நகமே வெளுத்துப் போன பிறகுதான் இதற்கு வந்தேன். ஐஸ் குச்சி நுனியில் டபுள் சைடு டேப் போட்டு ஒட்டிக்கொண்டால் பிடிக்க வசதி. வழவழப்பு அதிகம், அதனால் பாலிஷ் வழுக்குகிறது. பஃபரால் (நகம் தேய்க்கும் சொரசொரப்பான கட்டை) லேசாகத் தேய்த்துவிட்டால் நிற்கிறது. புள்ளி வைக்கத் தனிக் கருவி வேண்டாம், தீர்ந்துபோன ரீஃபில் முனையும் குண்டூசித் தலையும் போதும் (கோலம் போட்டுப் பழகிய கை என்றால் இன்னும் சுலபம்).

அசிட்டோன் உள்ள ரிமூவரை மட்டும் தொடாதீர்கள். நான் துடைத்தேன், பிளாஸ்டிக் நகம் பசை மாதிரி இளகிப் பஞ்சோடு ஒட்டிக்கொண்டது.

சின்ன அளவுகளில் பாதிக்கு ஓரமெல்லாம் பிசிறு. விரலில் ஒட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போக இது ஆகாது. பழக மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம், கிளியர் வேண்டாம், வெள்ளை கேளுங்கள், கலர் சரியாகத் தெரியும்.