ரெண்டு பக்கெட்டா, பிரஷர் வாஷரா, ரின்ஸ்லெஸ்ஸா? வீட்டுலயே கார் கழுவுறவங்களுக்கு

கார் கழுவுறதுல நேரம் போறது தேய்க்கிறதுல இல்லங்க, பைப் இழுக்குறது, தண்ணி புடிக்குறது, அப்புறம் கறை விழறதுக்குள்ள ஓடி ஓடி துடைக்குறது, இதுலதான் பாதி காலை காலி. அதனால ரெண்டு பக்கெட், பிரஷர் வாஷர், கடைசியா தண்ணி அடிச்சு அலசவே வேண்டாத ரின்ஸ்லெஸ், இந்த மூணையும் அந்தக் கணக்குலதான் பாக்கணும்.

ரெண்டு பக்கெட் முறைல ஒண்ணுல ஷாம்பு தண்ணி, இன்னொண்ணுல வெறும் தண்ணி. கதவு, பானெட்னு ஒவ்வொரு பேனல் முடிஞ்சதும் மிட்ட, அதாவது கைல மாட்டித் தேய்க்குற உறைய, வெறும் தண்ணில அலசிட்டுதான் மறுபடி ஷாம்புல முக்கணும், மண்ணு அடியில தங்கிடும், ஸ்வர்ல்னு சொல்ற வட்ட வட்டமான மெல்லிய கீறல் கம்மியா விழும். நல்ல முறைதான், ஆனா முன்னாடியும் பின்னாடியும் தண்ணி அடிச்சாகணும். சென்னைல பாதி அபார்ட்மென்ட்ல வர்ற போர் தண்ணி வெயில்ல காஞ்சா வெள்ளை வெள்ளையா உப்புத் திட்டு நின்னுரும், கருப்பு கார்னா கேக்கவே வேணாம்.

பிரஷர் வாஷரும் ஃபோமும் வீல் ஆர்ச்ல, அதாவது டயருக்கு மேல இருக்குற வளைவுல, ஒட்டுன சேத்துக்கு சூப்பர். ஆனா நுரை மட்டும் அடிச்சா ரோட்டுப் படலம் முழுசா போகாது, கை வச்சே ஆகணும். பார்க்கிங்ல பிளக் பாயின்ட் இல்லன்னா அந்தப் பேச்சே வேணாம்.

வாராவாரம் கழுவுறவங்களுக்கு என் ஓட்டு ரின்ஸ்லெஸ்ஸுக்குத்தான். ஆப்டிமம் நோ ரின்ஸ் மாதிரி லிக்விட் 256க்கு 1 அளவு, அதாவது 10 லிட்டர் தண்ணிக்கு 40 மில்லி போதும். அதே தண்ணிய பம்ப் ஸ்ப்ரேயர்ல ஊத்தி பேனல் மேல அடிச்சு கொஞ்சம் ஊற விடுங்க, அழுக்கு இளகும். அப்புறம் பக்கெட்ல ஊறப்போட்ட மைக்ரோஃபைபர் டவல நாலா மடிச்சா எட்டு பக்கம் கிடைக்கும், ஒரு பக்கத்தால ஒரு பேனல், அழுத்தாம நேர்கோட்டுல ஒரே இழுப்பு, பக்கம் அழுக்கானா திருப்பிக்கோங்க, அழுக்கு டவல் திரும்ப பக்கெட்டுக்குள்ள போகவே கூடாது. கூரைல ஆரம்பிச்சு கதவுக்குக் கீழ உள்ள பகுதிய கடைசியா வைங்க, மண்ணு அதிகம் அங்கதான். ஒரு பேனல் முடிஞ்ச உடனே துடைச்சுருங்க, அதனால உப்புத் திட்டு வர நேரமே இல்ல.

மழைல சேறு காஞ்சு கெட்டியா ஒட்டிருந்தா மட்டும் ரின்ஸ்லெஸ்ஸ நேரா ஆரம்பிக்காதீங்க, பெயிண்ட்ல கோடு விழும், முதல்ல பைப்பாவது அடிச்சு மண்ண இறக்கிட்டு அப்புறம் இத பண்ணுங்க.

கைல இருக்குற காசுக்கு முதல்ல பிரஷர் வாஷர் வாங்காதீங்க, நல்ல டவல் பத்து, ஒரு பம்ப் ஸ்ப்ரேயர், தடிமனான டிரையிங் டவல் ஒண்ணு வாங்குங்க. டவல துவைக்கும்போது ஃபேப்ரிக் கண்டிஷனர் ஊத்தாதீங்க, அப்புறம் அது தண்ணியவே உறிஞ்சாது. கீழ விழுந்த டவல் அன்னிக்கு டயருக்கு மட்டும்தான்.