பொறியியல் சேர்க்கை: முன்பணமும் அசல் சான்றிதழும் கொடுக்கும் முன்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான அன்றிரவு, கட்-ஆஃப் மதிப்பெண்ணைக் கணக்கிட்டுத் தரும் ஓர் இணையப் பக்கத்தில் என் மகள் மூன்று பாட மதிப்பெண்களோடு என் கைப்பேசி எண்ணையும் பதிந்தாள். கணித மதிப்பெண்ணோடு இயற்பியல், வேதியியல் இரண்டிலும் பெற்றதில் பாதியைக் கூட்டினால் 200க்கான கட்-ஆஃப் கிடைத்துவிடும். அதற்கு எவரிடமும் எண்ணைக் கொடுக்கத் தேவையில்லை என்பது அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை. மறுநாள் காலைக்குள் நான்கு கல்லூரிகளிலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

அவற்றுள் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் சேர்க்கை ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டவர், மகளின் பெயரையும் மதிப்பெண்ணையும் தாமே சொல்லிப் பேச்சைத் தொடங்கினார். செயற்கை நுண்ணறிவுப் பிரிவில் சில இடங்களே எஞ்சியிருப்பதாகவும், அன்று மாலைக்குள் 25,000 ரூபாய் முன்பணம் கட்டினால் கட்டணச் சலுகை உண்டென்றும் கூறி, வாட்ஸ்அப்பில் பணம் செலுத்தும் இணைப்பை அனுப்பினார். கல்லூரி இணையதளத்தின் முகப்பில் 'என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்றது' (என்.பி.ஏ. என்பது தொழில்நுட்பப் படிப்புகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அங்கீகார வாரியம்) என்று பெரிய எழுத்தில் இருந்ததை நம்பிப் பணத்தைக் கட்டினேன். இரண்டு நாள் கழித்து நேரில் சென்றபோது, சரிபார்ப்பதற்கென்று வாங்கிய மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் சான்றிதழையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

என்.பி.ஏ. அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாக வழங்கப்படுவதன்று; ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாக, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே வழங்கப்படுவது. அந்த அமைப்பின் தளத்தில் பிறகு தேடிப் பார்த்தபோது, அக்கல்லூரியில் இயந்திரவியலும் மின்னியலும் மட்டுமே பட்டியலில் இருந்தன. மகள் சேரவிருந்த பிரிவோ தொடங்கி இரண்டே ஆண்டுகள் ஆனது. அதிலிருந்து ஒரு மாணவர்கூட இன்னும் பட்டம் பெற்று வெளியேறவில்லை. அப்படியானால் அந்தப் பிரிவுக்கான பக்கத்தில் போட்டிருக்கும் வேலைவாய்ப்பு விழுக்காடு யாருடையது என்று கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் இணையவழிக் கலந்தாய்வில் மகளுக்கு வேறொரு கல்லூரியில் இடம் கிடைத்தபோதுதான் உண்மையான துன்பம் தொடங்கியது. முன்பணம் வாங்கிய கல்லூரியில், அது திரும்பத் தரப்படாது என்றதோடு, முதலாண்டுக் கட்டணத்தைக் கட்டினால்தான் சான்றிதழ்களைத் தருவோம் என்றார்கள். கலந்தாய்வில் கிடைத்த கல்லூரியில் சேர்வதற்கான கெடு முடிய ஒரு வாரமே இருந்தது. மகள் அந்த நாட்களில் சரியாக உறங்கவுமில்லை. வகுப்பு தொடங்கும் முன் விலகும் மாணவருக்கு அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு முழுக் கட்டணத்தையும் திருப்பித் தரவேண்டும், அசல் சான்றிதழ்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) விதி. அதைக் குறிப்பிட்டு முதல்வருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிய ஐந்தாம் நாள் சான்றிதழ்கள் வந்தன. பணத்தில் 10,000 ரூபாய் மட்டுமே திரும்பியது. விதிப்படி பிடிக்கக்கூடிய 1,000 ரூபாய் போக, மீதி 14,000 ரூபாய்க்காக ஏ.ஐ.சி.டி.இ.யிடம் முறையிட்டிருக்கிறேன். அந்த ஆலோசகரின் எண் இப்போது இயங்கவில்லை. அவர் வாய்மொழியாகச் சொன்ன சலுகைக்கு எந்தச் சான்றும் என்னிடம் இல்லை. வாட்ஸ்அப் செய்திகளையும் பணம் கட்டிய ரசீதையும் அழிக்காமல் வைத்திருந்ததால்தான் முறையீட்டோடு இணைக்க ஏதோ இருந்தது.