மஸல் லைப்ரரியின் எழுதும் பக்கம்: படித்துப் பார்த்தவனின் விமர்சனம்

சொந்தமாக ஒரு குட்டி கெர்னல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்கு ஒரு சி லைப்ரரி வேண்டும். அதில் எஃப்ரைட், புட்சி, பிரின்ட்எஃப் போன்ற எழுதும் ஃபங்ஷன்கள் எல்லாம் வேண்டும். கோப்பில் எழுதும் இந்தச் சமாச்சாரத்தை மற்றவர்கள் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்க்க முதலில் லினக்ஸில் பரவலாக இருக்கும் சி லைப்ரரியான ஜிலிப்சியைத் திறந்தேன். மேக்ரோவுக்குள் மேக்ரோ, அதற்குள் ஃபங்ஷன் பாயின்டர் அட்டவணை. ஒரு எழுத்து எங்கே போய் விழுகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் காபி ஆறிவிடும். அப்புறம்தான் இன்னொரு சி லைப்ரரியான மஸல் பக்கம் வந்தேன்.

ரிச் ஃபெல்கர் 2011இல் வெளியிட ஆரம்பித்த லைப்ரரி இது. எம்ஐடி உரிமம். ஆல்பைன் லினக்ஸ் 2014இல் இதற்கு மாறியது. ஆல்பைன் கன்டெய்னர் எதையாவது ஓட்டுகிறீர்கள் என்றால், பெயர் தெரியாமலே இதைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

எழுதும் பக்கத்துக்கு ஃபைல் ஸ்ட்ரக்சரில் மூன்று பாயின்டர்: பஃபர் (எழுதுவதைத் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் இடம்) எங்கே தொடங்குகிறது, இப்போது எங்கே நிற்கிறோம், எங்கே முடிகிறது. கூடவே ஒரு இன்ட். வரி முடிந்ததும் தள்ளிவிட வேண்டிய ஸ்ட்ரீம் என்றால் அதில் நியூலைன் எழுத்து இருக்கும், இல்லையென்றால் -1. புட்சி செய்வது இவ்வளவுதான்: வந்த எழுத்து அந்த இன்ட்டுக்குச் சமமா, இடம் தீர்ந்துவிட்டதா என்று பார்க்கும். இரண்டும் இல்லையென்றால் எழுத்தை வைத்துவிட்டு பாயின்டரை ஒன்று நகர்த்தும். எழுத்தின் மதிப்பு 0 முதல் 255 வரைதான், -1 ஆக வாய்ப்பே இல்லை. அதனால் ‘இது வரி பஃபரா, முழு பஃபரா’ என்று தனியாக ஒரு கேள்வி கேட்கத் தேவையில்லை. 1979இன் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் புட்சி, பஃபரில் மிச்சமிருக்கும் இடத்தின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வரும். இங்கே அந்த எண்ணிக்கையே கிடையாது. இதைப் பார்த்ததும் என்னுடைய ஃப்ளாக் சோதனைகளை எல்லாம் அழித்தேன்.

உண்மையான வேலை நடப்பது அடியில் இருக்கும் ஒரே ஒரு எழுதும் ஃபங்ஷனில். திரை ஒன்றுக்குள் அடங்கிவிடும். அது ரைட் என்ற சிஸ்டம் கால் (கெர்னலைக் கூப்பிடும் அழைப்பு) வழியாக எழுதுவதில்லை, பல துண்டுகளை ஒன்றாக அனுப்பும் ரைட்வி-யைப் பயன்படுத்துகிறது. பஃபரில் ஏற்கெனவே கிடப்பது முதல் துண்டு, இப்போது நீங்கள் கொடுத்தது இரண்டாவது துண்டு. இரண்டும் ஒரே அழைப்பில் போய்விடும். பஃபரில் கொள்ளாத பெரிய தரவை எஃப்ரைட்டில் கொடுத்தால் அதை பஃபருக்கு நகலெடுப்பதே இல்லை, உங்கள் நினைவகத்திலிருந்து நேராக கெர்னலுக்கு. கெர்னல் பாதி எழுதிவிட்டு நிறுத்தினால், எந்தத் துண்டில் எத்தனை பைட் மிச்சம் என்று கணக்குப் பார்த்து மறுபடி அனுப்பும். நான் எழுதும்போது அதிகம் தலையைச் சொறிந்த இடம் இதுதான். இங்கே அது சில வரிகளில் தெளிவாக இருக்கிறது.

ஒரு நிரலின் சிஸ்டம் கால்களைக் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டுப் பாருங்கள், ரசிக்கலாம். எழுத்தெழுத்தாக ஒரு பெரிய கோப்பை எழுதினால் ஒவ்வொரு அழைப்பும் 1025 பைட் என்று காட்டும். பஃபர் 1024, நிரம்பிய பிறகு வரும் அடுத்த எழுத்து தனித் துண்டாக ஒட்டிக்கொண்டு போகிறது. புட்ஸ் வைத்து ‘வணக்கம்’ என்று டெர்மினலில் எழுதினாலும் அப்படித்தான், வார்த்தை ஒரு துண்டு, நியூலைன் ஒரு துண்டு.

அதற்கு முன்னால், சாதனத்திடம் விவரம் கேட்கும் ஐஆக்டல் அழைப்பு ஒன்றும் தெரியும். ஸ்டாண்டர்ட் அவுட்புட் டெர்மினலா கோப்பா என்பதை நிரல் தொடங்கும்போதே சோதிக்காமல், முதல் முறை பஃபரைக் காலி செய்யும்போதுதான் மஸல் சோதிக்கிறது. ஜன்னல் அளவு என்ன என்று கேட்கும். பதில் வரவில்லையென்றால் டெர்மினல் இல்லை, வரி பஃபரை நிறுத்திவிடும். அச்சிடாத நிரலுக்கு அந்தச் செலவே கிடையாது.

பிழைச் செய்திகள் போகும் ஸ்டாண்டர்ட் எரருக்கு பஃபர் இல்லை என்பது தெரிந்த கதை. ஆனால் பிரின்ட்எஃப் வகையறா ஒரு வரியைப் பல துண்டாகப் போடும்; துண்டுக்கு ஒரு சிஸ்டம் கால் என்றால் இரண்டு ப்ராசஸின் பிழைச் செய்திகள் பின்னிக்கொள்ளும். அதனால் அந்த ஒரு அழைப்பு முடியும்வரை மட்டும் ஸ்டேக்கில் 80 பைட் பஃபர் ஒன்றைக் கொடுத்து, முடிந்ததும் பிடுங்கிக்கொள்கிறார்கள். சின்ன வேலை, நல்ல வேலை.

சரி, குறைகளுக்கு வருவோம். 1024 பைட் பஃபர் இந்தக் காலத்துக்குக் கஞ்சத்தனம். ஜிலிப்சி கோப்பு முறைமையின் தொகுதி அளவைப் பார்த்து பெரும்பாலும் 4096 எடுத்துக்கொள்ளும். ஒரு எம்பி கோப்பை எழுத்தெழுத்தாக எழுதினால் அங்கே 256 அழைப்பு, இங்கே ஆயிரத்துக்கு மேல். சிறு சிறு வரிகளாக லாக் எழுதும் நிரலை ஆல்பைனுக்கு மாற்றினால் இந்த வித்தியாசத்தை உணர்வீர்கள்.

‘பஃபரை மாற்ற செட்விபஃப் இருக்கிறதே’ என்பீர்கள். பஃபர் இடத்தில் நல் (NULL, காலி பாயின்டர்) கொடுத்து 65536 என்று அளவு சொன்னால், மஸல் அந்த அளவைக் கண்டுகொள்ளாது. பிழையும் சொல்லாது, சுழியைத் திருப்பிவிட்டுச் சும்மா இருக்கும். தரநிலைப்படி இதைக் குற்றம் சொல்ல முடியாது. இருந்தாலும் எனக்கு எரிச்சல். காரணம் கோப்பைத் திறக்கும் எஃப்ஓபனில் இருக்கிறது: ஸ்ட்ரக்சர், அன்கெட்சிக்கு (படித்த எழுத்தைத் திருப்பிப் போடும் ஃபங்ஷன்) 8 பைட், பஃபர் 1024 பைட், மூன்றுக்கும் சேர்த்து நினைவகம் கேட்கும் ஒரே மல்லாக். பஃபரை மட்டும் தனியாகப் பெரிதாக்க வழியில்லை. ஆகவே பஃபரை நீங்களேதான் கொடுக்க வேண்டும். அதிலும் முதல் 8 பைட் அன்கெட்சிக்குப் போய்விடும். 4096 கொடுத்தால் கையில் கிடைப்பது 4088. நேராக 4096 வேண்டுமென்றால் 4104 கொடுங்கள்.

இன்னொன்று. எழுதும்போது பிழை வந்தால் பஃபரில் இருந்ததை மஸல் விட்டுவிடுகிறது. பிழைக் குறியை ஏற்றிவிட்டு பாயின்டர்களைச் சுழியாக்கிவிடும். டிஸ்க் நிரம்பியது, இடம் ஒதுக்கிவிட்டு பஃபரைக் காலி செய்யும் எஃப்ஃபிளஷை மறுபடி கூப்பிட்டால் பழைய தரவு போகும் என்று நினைக்காதீர்கள், அது போய்விட்டது. எழுதினால் எப்போதும் ‘இடம் இல்லை’ என்று சொல்லும் /டெவ்/ஃபுல் (/dev/full) கோப்பைத் திறந்து ஒரு வரி எழுதிப் பாருங்கள்: எஃப்பிரின்ட்எஃப் வெற்றி என்று சொல்லும், எஃப்குளோஸ்தான் தோல்வியைச் சொல்லும். எஃப்குளோஸின் பதிலைப் பார்க்காத நிரல்கள் எத்தனை என்று யோசித்தால் பயமாக இருக்கிறது, ஆனால் அதற்கு மஸலைத் திட்டக்கூடாது.

கெர்னல், லைப்ரரி என்று எழுதப் போகிறவர்கள் முதலில் ஸ்ட்ரக்சர் இருக்கும் ஹெடர், அடுத்து அடியிலிருக்கும் எழுதும் ஃபங்ஷன், கடைசியில் எஃப்ரைட் என்ற வரிசையில் படியுங்கள். மேலிருந்து கீழே வந்தால் குழம்பும். ஒரு மாலை போதும். கமென்ட் அதிகம் இருக்காது, பேனா பேப்பர் வைத்துக்கொள்ளுங்கள். என் கெர்னலில் ரைட்வி இன்னும் இல்லை. அதனால் இப்போதைக்கு இரண்டு ரைட்டாகப் பிரித்து எழுதியிருக்கிறேன், பஃபரையும் 4096 ஆக்கிவிட்டேன். மற்றதெல்லாம் அவர்கள் செய்த மாதிரியேதான்.